பின்லாந்து போன முதுகு

பெண் பார்க்கப் போன வீட்டில், காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்த பெண்ணைப் பார்த்து, "சரியா வரலம்மா, இன்னொரு தடவ உள்ள போயிட்டு வா" என்று சொன்ன ஒரே மடையன் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். மாப்பிள்ளை நானில்லை. மாப்பிள்ளை சொல்லியிருந்தால்கூட, பையனுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று மன்னித்திருப்பார்கள். நான் படம் பிடிக்கப் போனவன். அதுவும், நடப்பதை நடக்கிறபடியே எடுக்க வேண்டும், யாரையும் எதையும் செய்யச் சொல்லக்கூடாது என்று வகுப்பில் உட்கார்ந்து, தலையாட்டி, குறிப்பெழுதிக்கொண்டு போனவன்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், புதுமனை புகுவிழா. "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்பதைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சொல்வேன். என் பன்மொழிப் புலமை ஏறக்குறைய அதோடு முடிகிறது. மண்டபத்தில் ஐயர்கூட எனக்கு அடுத்தபடிதான். தாலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்ப்பார். நான் போகஸ் வைத்துத் தலையாட்டினால்தான் கெட்டிமேளம். ஒருமுறை இரண்டாவது முடிச்சு சரியாக விழவில்லை என்று மாப்பிள்ளையை அவிழ்த்துப் போட வைத்திருக்கிறேன். அந்தத் தம்பதி இன்றும் சேர்ந்துதான் வாழ்கிறார்கள். என்னைக் கண்டால் மட்டும் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பதை நெருங்கும்போது எனக்குக் கலை பிடித்துக்கொண்டது. சிலருக்குச் சர்க்கரை பிடிப்பதுபோல. பெங்களூரில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறுகளில் ஆவணப்பட வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். அந்த வகுப்பறையில் என்னைவிட மூத்தது என்று பார்த்தால் மின்விசிறிதான். முகூர்த்தம் இல்லாத வாரங்களில் போவேன். ஆடி, மார்கழி மாதங்களில் நான் ரொம்ப நல்ல மாணவன்.

அந்தக் கல்லூரிக்கும் பின்லாந்தில் ஒரு திரைப்படப் பள்ளிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. எங்களில் சிலர் அங்கே போய்ப் படம் எடுப்பார்கள். அவர்களில் சிலர் இங்கே வந்து எடுப்பார்கள். இரண்டு கலாசாரங்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். ஆங்கிலம் நன்றாகப் பேசியவர்கள் பின்லாந்துக்குப் போனார்கள். கார் வைத்திருந்த நான் ஓசூரிலேயே இருந்தேன். எனக்குக் கிடைத்த பதவி 'உள்ளூர் இணை இயக்குநர்'. வண்டி ஓட்டுவது, மொழிபெயர்ப்பது, காரமில்லாத சாப்பாடு தேடுவது எல்லாம் அதில் அடக்கம்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கேமரா பிடிப்பவள். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். இன்னொருவன் நீளக் கோலின் நுனியில் மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடிப்பவன். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க மைக்குக்குச் சாம்பல் நிற ரோம உறை போட்டிருந்தான். எங்கே போனாலும் அது என்ன, செத்த கீரியா என்று கேட்டார்கள். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கி, ரொம்ப அழகான மைக் என்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். அவன் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னான்.

இரண்டு பேருமே அதிகம் பேசமாட்டார்கள். நாம் ஒன்று சொன்னால், அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நானே எதையாவது பேசி நிரப்பிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாளிலேயே என் குடும்ப ரகசியங்கள் எல்லாம் பின்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அவர்களுக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, யாரையும் எதையும் திரும்பச் செய்யச் சொல்லக்கூடாது. இரண்டு, யாரைப் படம் பிடிக்கிறோமோ அவர்களுக்கு எடுத்ததைக் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதை வெட்டிவிட வேண்டும். முதல் விதி என் பிழைப்புக்கே எதிரானது. இரண்டாவது விதி ஆபத்தில்லாதது என்று நினைத்தேன்.

முதல் நாள் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப் போனேன். தண்ணீரும் பச்சையும் தெரிகிற பக்கமாகக் காரை நிறுத்தி, பாட்டு எடுக்க நல்ல இடம் என்று கையை விரித்துக் காட்டினேன். கேமராக்காரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதகுக்குக் கீழே மலைபோல் பொங்கி நின்ற நுரையை எடுத்துக்கொண்டிருந்தாள். பனி மாதிரி இருக்கிறது என்றாள். அது பெங்களூரின் சாக்கடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம், எங்கள் ஊர்ப் பனி என்றேன். அவள் காத்திருந்தாள். பிறகு, நாற்றம் அடிக்கிறதே என்றாள். அன்றே நான் திருந்தியிருக்க வேண்டும். எதை மறைக்கிறேனோ அங்கேதான் அவள் கேமரா போய் நிற்கும் என்று புரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து என்ன படம் எடுக்கலாம் என்று பேசினோம். இந்த ஊர் இளைஞர்களுக்கு எது ரொம்பக் கஷ்டம் என்று கேமராக்காரி கேட்டாள். வாடகை என்றேன். போக்குவரத்து நெரிசல் என்றேன். டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்த என் சினேகிதன், டம்ளர்களை வைத்தபடியே, "பொண்ணு கெடைக்கதுதான்" என்றான். அவர்களுக்குப் படம் கிடைத்துவிட்டது.

இவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஓசூரில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். என் ஸ்டுடியோவுக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறான். லீவு நாளில் கல்யாணங்களுக்கு வந்து எனக்கு லைட் பிடிப்பான். எத்தனையோ மாப்பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் போட்டவன். முப்பத்து மூன்று வயதாகியும் அவன் முகத்தில் யாரும் போடவில்லை. காரணம் அவன் சட்டை.

அந்தக் கம்பெனியில் நிரந்தரப் பணியாளருக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. மெஷின் ஒன்றுதான், ஷிப்டு ஒன்றுதான், கேன்டீனில் ஊற்றும் சாம்பாரும் ஒன்றுதான். ஏழு வருஷமாக இவன் அதே மெஷினில் நிற்கிறான். அவ்வப்போது கான்ட்ராக்டர் மாறுவார். இவன் சட்டையின் நிறம் மாறாது. பெண் வீட்டார் ஜாதகத்தில் செவ்வாய் இருந்தால்கூடப் பரிகாரம் செய்துகொள்ளலாம் என்பார்கள். கான்ட்ராக்ட் என்றால் பரிகாரம் இல்லை. வந்த இடமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கழன்று போயிருந்தது. ஊரில் அவன் அம்மா ஒவ்வொன்றும் தட்டிப்போன பிறகு அவனிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை என்பான்.

அந்த நேரத்தில் அவன் மாமா ஓர் இடம் கொண்டுவந்திருந்தார். பெண்ணின் அப்பா இவர்கள் பக்கத்து ஊர்க்காரர். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்க வேப்பனப்பள்ளிக்கு வந்தவர் அப்படியே அங்கு தங்கிவிட்டார். பெண் இங்கேயே பிறந்தவள். ஓசூரில் செல்போன் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனிக்குப் போகிறாள், விடுதியில் இருக்கிறாள். பையன் ஏழு வருஷமாக ஒரே கம்பெனியில் இருக்கிறான் என்று மாமா சொன்னார். ஏழு வருஷம் என்றதும் அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. ஏழு வருஷம் ஒரே இடத்தில் இருக்கிறவன் நிரந்தரம் இல்லாமல் வேறு யாராக இருப்பான்? யாரும் பொய் சொல்லவில்லை.

கேமராவோடு வருகிறோம் என்று கேட்டதற்குப் பெண்ணின் அப்பா உடனே சரி என்றார். வெள்ளைக்காரர்கள் வீடு தேடி வருவது அவருக்குப் பெருமை. வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவது மாமாவுக்குப் பெருமை. எனக்கோ, வகுப்பில் யாருக்கும் கிடைக்காத காட்சி.

சினேகிதன் மட்டும் சங்கடப்பட்டான். கிளம்புவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"போனதும் நானே சொல்லிருதேன்லே. கான்ட்ராக்ட்டுனு."

"சொல்லு, வேணாங்கல. மொதல்ல பொண்ணு வரட்டும், தட்டு வரட்டும். ஷூட்டிங் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சும்மா உக்காரு. உனக்கு நல்லா வரும் அது."

இதைச் சொன்னபோது நான் நட்பாகத்தான் சொன்னேன். அவன் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டால் பெண் உள்ளேயே இருந்துவிடுவாள், தட்டு வராது, படம் இல்லை என்பதும் மனதின் ஓரத்தில் இருந்தது. ஓரம் கொஞ்சம் அகலம்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். குந்தாரப்பள்ளியில் திரும்பும்போது சந்தை நாள். பூவும் பழமும் வாங்க இறங்கினால், கேமராக்காரி மாடுகளுக்கு நடுவே போய்விட்டாள். ஒரு வியாபாரி மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை ரொம்ப நேரம் எடுத்தாள். திரும்பி வந்ததும், நாம் போகிற வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டாள். இல்லை, அங்கே மாப்பிள்ளையின் பல்லைத்தான் பார்ப்பார்கள் என்றேன். அவள் காத்திருந்தாள். நான் சிரித்துக் காட்டிய பிறகுதான் நகைச்சுவை என்று ஒப்புக்கொண்டாள். முன்சீட்டில் இருந்த என் சினேகிதன் சிரிக்கவில்லை. அன்று அவன் புதுச்சட்டை போட்டிருந்தான். நீல நிறம்.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. கூடத்தில் ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஊறுகாய் போடக் குவித்துவைத்திருந்த மாங்காயின் வாசனை. மைக்கைப் பார்த்து ஓர் அத்தை அலறப் போய், பிறகு தொட்டுப் பார்த்துச் சமாதானமானார். மாமாவும் பெண்ணின் அப்பாவும் ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். யார் செத்தார்கள், யார் வீடு கட்டினார்கள் என்று. என் சினேகிதன் சும்மா உட்கார்ந்திருந்தான். நான் சொன்னபடியே நன்றாக உட்கார்ந்திருந்தான்.

கேமராக்காரி பெண்களோடு சமையலறைக்குள் போயிருந்தாள். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும் என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவன் இவளைப் பார்க்கப் போகிறான், இவள் அவனைப் பார்க்காமல் நிற்கிறாளே, இது என்ன நியாயம் என்று கேமராக்காரிக்குத் தோன்றியிருக்கிறது. தன் இரண்டாவது விதியை அவளே கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். கேமராவின் சின்னத் திரையைத் திருப்பி, முந்தின நாள் எடுத்ததைப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினாள். கம்பெனி வாசலில் ஷிப்டு விடுகிற காட்சி. நூறு பேருக்கு நடுவே என் சினேகிதன் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு வருகிறான். சாம்பல் சட்டையில்.

ஓசூரில் வேலைக்குப் போகிற யாருக்கும் எந்தக் கம்பெனியில் எந்த நிறம் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலேயே அது பாடமாகிவிடும். பெண் அதைப் பார்த்துச் சிரித்தாளாம். அதனால் அவனைப் பிடித்துவிட்டது என்று கேமராக்காரி எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் கூடத்துக்கு வந்து மூலையில் கேமராவை நிறுத்தினாள். மைக் மேலே உயர்ந்தது. பெண் தட்டோடு வந்தாள்.

நல்ல நடை, நல்ல வரவு, முகத்தில் ஒரு நிதானம். ஆனால் ஜன்னல் திரைச்சீலை பாதி மூடியிருந்ததால் அவள் முகத்தில் நிழல் விழுந்தது. மண்டபத்தில் பழகிய கால்கள், நான் சொல்லாமலேயே எழுந்து போயின. திரைச்சீலையை ஒதுக்கினேன். கொக்கி மாட்டிக்கொண்டது. எக்கி நின்று அதை விடுவித்தேன். திரும்பிப் பார்த்தால் பெண் காப்பி கொடுத்து முடித்துவிட்டாள். அவளுக்கும் கேமராவுக்கும் நடுவே, கோடு போட்ட சட்டையில், அவ்வளவு நேரமும் நான் நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

கேமராக்காரி ஆங்கிலத்தில் வேண்டாம் வேண்டாம் என்றாள். அத்தை, பொண்ணு ரெண்டு தடவ வரக் கூடாதுங்க என்றார். பெண்ணின் அப்பா வெள்ளைக்காரர்களைப் பார்த்தார், அவர்களுக்கு வேண்டுமென்றால் வரட்டுமே என்கிற முகம். பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் தட்டு இல்லை.

"தட்டு எங்கம்மா?"

"எல்லாரும் எடுத்துட்டாங்களேண்ணா. வெறுந்தட்டத் தூக்கினு வரணுமா?"

வந்தவள் அம்மா பக்கத்தில் போய் நிற்கவில்லை. என் சினேகிதனுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது நான் ட்ரைபாடு பை வைத்திருந்த நாற்காலி. பையை எடுத்து நிதானமாகக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க அங்க கான்ட்ராக்ட் தான?"

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "ஆமா. ஏழு வருஷமா கான்ட்ராக்ட்தான். வந்ததும் சொல்லிரணும்னு இருந்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவன் என்னைக் காட்டினான். "ஷூட்டிங் முடியட்டும்னு இவன் சொன்னான்."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கேமராவும் என் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் கேமராவுக்குப் பின்னாலேயே பிழைத்தவன் முதல்முறையாக அதற்கு முகத்தைக் காட்டி, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் அருமையாக விழுந்திருந்தது.

பெண்ணின் அப்பா மாமாவிடம் திரும்பினார். ஏழு வருஷமாக இருக்கிறான் என்றுதானே சொன்னீர்கள் என்றார். இருக்கான்லா, அதில் என்ன பொய் என்று மாமா கூரையைப் பார்த்தார்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்றாள் பெண். "நாலு வருஷமா நானும் கம்பெனிக்குப் போறதா சொன்னீங்க. என்னோடதும் கான்ட்ராக்ட்தான்."

இரண்டு பக்கமும் வருஷத்தை மட்டும் சொல்லியிருந்தார்கள். இப்போது கூரையைப் பார்ப்பது அப்பாவின் முறை. கேமராக்காரி என் பக்கம் குனிந்து, என்ன பேசுகிறார்கள் என்றாள். வேலையைப் பற்றி என்றேன். அது நல்லதா என்றாள். இன்னும் தெரியவில்லை என்றேன். அந்தப் பயணம் முழுக்க நான் செய்த ஒரே நேர்மையான மொழிபெயர்ப்பு அது.

பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"ரெண்டு கான்ட்ராக்ட்டு சேந்தா ஒரு பெர்மனென்ட் ஆயிருமா? ரெண்டு பேரையும் ஒரே நாள்ல நிப்பாட்டிட்டாம்னா அடுப்ப எதவச்சு பத்தவைக்கது?"

பின்லாந்துக்காரர்களுக்கு மட்டும் பழக்கமான ஒரு மௌனம் அந்த வீட்டில் நிரம்பியது. மைக் பிடிப்பவன் கோலை அசைக்காமல் நின்றான். என்னாலும் எதையும் பேசி அதை நிரப்ப முடியவில்லை. கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம் என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த மாவட்டத்தில் மாடுகளுக்குக்கூடத் தெரியும்.

திரும்பும் வழியில் என் சினேகிதனின் போன் அடித்தது. அம்மா. அவன் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அடித்தது. பிறகு அடிக்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்தியவர். அன்றைக்கு மட்டும் பொறுக்க முடியாமல் இரண்டு முறை அடித்திருக்கிறார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுலே," என்றான்.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முடியவிடாதது அந்த இரண்டாவது விதி. படத்தை வெட்டி ஒட்டியதும், படத்தில் உள்ளவர்களுக்குக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று கேமராக்காரி நின்றாள். இந்த ஊரில் அப்படியெல்லாம் வழக்கமில்லை, கல்யாண வீடியோவில் தூங்குகிறவர்களை எல்லாம் சேர்த்துத்தான் போடுவோம், யாரையும் கேட்பதில்லை என்றேன். அவள் காத்திருந்தாள். நான் பெண்ணுக்குப் போன் செய்தேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள், ஷிப்டு முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரிக்கு வருகிறேன் என்றாள். பிறகு, அவரும் வருவாரா என்றாள்.

பேக்கரியில் ஐந்து பேர் ஒரு மேஜையில். தில்பசந்த், காரப் பன், நடுவில் லேப்டாப். படம் ஓடியது. நுரை வந்தது, ஷிப்டு விடுகிற வாசல் வந்தது, பல் பார்க்கப்படும் மாடு வந்தது. பிறகு என் முதுகு வந்தது. அதை வெட்டியிருப்பார்கள் என்று நம்பியிருந்தேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை. திரை முழுக்கக் கோடு போட்ட சட்டை. கோடுகளுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம், டம்ளர் சத்தம். ஓரத்தில் ஒரு தட்டின் விளிம்பு தெரிந்து மறைந்தது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் சினேகிதனும் சிரித்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

படம் அப்பாவின் கேள்விக்கு வந்தது. பெண் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அப்பா கேட்டத மட்டும் எடுத்துடச் சொல்லுங்கண்ணா. அது இவங்க படத்துக்காகக் கேட்டது இல்ல. நாங்க பதில் சொல்ல வேண்டியது."

எனக்குப் பதறியது. அதுதானே உச்சக்கட்டம், அது போனால் படத்தில் என்ன இருக்கிறது என்று கேமராக்காரியிடம் வாதாடினேன். பெண் சொன்னதை மொழிபெயர்ப்பதற்கு முன்பே வாதாடினேன். பிறகு வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன். 'நாங்க' என்று அவள் சொன்னதை, என் சினேகிதனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நானே கவனித்தேன். கேமராக்காரி வழக்கமாகக் காத்திருப்பவள் காத்திருக்கவில்லை. உடனே தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். எந்த வாரம் யாருக்கு இரவு ஷிப்டு, விடுதியில் தண்ணீர் எப்போது வரும், அவளுடைய கான்ட்ராக்டர் யார், இவனுடையது யார் என்று. பெண் பார்க்கும் நாளில் பேச வேண்டியதை எல்லாம் நின்றுபோன படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். மாலை வெளிச்சம் கண்ணாடி வழியே சரியாக அவர்கள் மேல் விழுந்தது. என் கை தானாகப் போனை எடுத்தது. கேமராக்காரி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். இது நமக்கு இல்லை என்றாள். மைக் பிடிப்பவன் என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். மூன்று பேரும் நடைபாதையில் நின்று பன் தின்றோம். இரண்டு கலாசாரங்களும் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று கொஞ்சம் புரிந்துகொண்டன என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று பிறகு சினேகிதன் சொன்னான். இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கான்ட்ராக்டர். அந்த இரண்டு கான்ட்ராக்டர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால்தான் உண்டு என்றாளாம். அவர் சிரிக்கவில்லை. மாங்காய் சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிந்தது. சரி என்றார். அன்று சினேகிதனின் அம்மா போன் செய்தபோது அவன் எடுத்தான். பேசியதைவிட மூக்கை உறிஞ்சிய சத்தம்தான் மாடியிலிருந்து அதிகம் கேட்டது. நான் லைட் எதுவும் பிடிக்கவில்லை.

படம் பின்லாந்தில் காட்டப்பட்டது. கேமராக்காரி செய்தி அனுப்பியிருந்தாள். பெண்ணை மறைத்து நிற்கும் அந்த முதுகைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்களாம். பெண்ணைப் பார்க்கப் போகிற சமூகம் அவளைப் பார்க்கவிடாமல் நிற்பதற்கு அது குறியீடு என்று அவர்களுடைய ஆசிரியர் அரைமணி நேரம் விளக்கினாராம். திரைச்சீலைக் கொக்கி என்று நான் யாருக்கும் எழுதவில்லை. என் கல்லூரியிலும் அந்த முதுகுக்காகவே எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. இருபது வருஷம் எத்தனையோ முகங்களை எடுத்திருக்கிறேன். பேர் வாங்கித் தந்தது நான் திரும்பி நின்றது.

பத்திரிகை அடித்ததும் இருவரும் ஸ்டுடியோவுக்கு வந்து கொடுத்தார்கள். நான் நெகிழ்ந்து போனேன். இந்தக் கல்யாணத்தை நானே எடுக்கிறேன், ஒரு பைசா வேண்டாம், ட்ரோன் பறக்கவிடுகிறேன், பெரிய ஆல்பம் போட்டுத் தருகிறேன், தாலி கட்டும்போது மூன்று பக்கமும் கேமரா வைக்கிறேன் என்று அடுக்கினேன். என் சினேகிதன் தரையைப் பார்த்தான். அவள் பத்திரிகையின் மேல் ஒட்டியிருந்த மஞ்சளைத் தட்டிவிட்டு, அதை என் கையில் வைத்தாள்.

"நீங்க சாப்பிட மட்டும் வாங்கண்ணா."